சிகப்பிக்கு விழுந்த இரண்டாவது நிழல்

விரோதிகிருது வருஷம் வைகாசி ஒன்பதாம் தேதி திங்கட்கிழமை காலையிலிருந்து நெடுங்கரை சேவுகன் மகள் சிகப்பிக்கு இரண்டு நிழல் விழுந்தது. ஒன்று அவளுடையது. மற்றது ஓர் ஆணுடையது. நெடுங்கரை கோட்டையூருக்கு மேற்கே ஒன்றரை மைலில், செம்மண் மேட்டில் இருக்கிற ஊர். அப்போது அங்கே நாற்பத்திரண்டு வீடுகள். அன்று பொழுது சாய்வதற்குள் நாற்பத்திரண்டு வீட்டாரும் வந்து பார்த்துவிட்டார்கள். சிகப்பிக்கு வயது பதினைந்து. ஊருணியில் தண்ணீர் எடுத்துக் கரையேறும்போது பின்னால் வந்த அவள் அம்மா கருப்பிதான் முதலில் கண்டது. மகளின் நிழலுக்கு இடப்பக்கம், ஒரு முழம் தள்ளி, தலைப்பாகை கட்டிய நெட்டையான நிழல் ஒன்று கூடவே வந்தது. எவனோ பின்னால் வருகிறான் என்று கருப்பி திரும்பிப் பார்த்தாள். ஒருவரும் இல்லை. மண்குடம் இடுப்பிலிருந்து நழுவி உடைந்தது.

அந்த நிழலின் வழக்கம் என்னவென்று நாலைந்து நாளில் தெரிந்துவிட்டது. வெயில் இருந்தால் விழும், மேகம் மூடினால் போய்விடும், கூரைக்குள் வராது. சிகப்பி போகிற இடத்துக்கெல்லாம் கூட நகரும், ஆனால் அவள் செய்வதைச் செய்யாது. அவள் குனிந்து கோலம் போட்டால் அது நிமிர்ந்து நிற்கும். அவள் ஓடினால் அது உட்கார்ந்தபடியே தரையில் இழுபட்டுக்கொண்டு வரும். அதன் உடுப்பு தெரியும், கையில் பிடித்திருப்பது தெரியாது. முதல் நாள் முழுக்க அது இரண்டு கையாலும் எதையோ பற்றிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. பேய் ஆடுகிறது என்று ஊரார் சொன்னார்கள்.

சேவுகன் பேயோட்டுகிற கோடாங்கி மாயக்கண்ணனைக் கூட்டிவந்தார். மாயக்கண்ணன் உச்சி வெயிலில் சிகப்பியை நிறுத்தி, சுற்றிலும் உப்பைக் கோடாகப் போட்டு, உடுக்கை அடித்தார். நிழல் அந்த நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து கையை வாய்க்குக் கொண்டுபோவதும் எடுப்பதுமாக இருந்தது. மாயக்கண்ணன் அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு உடுக்கையைத் துணியில் சுற்றிக்கொண்டு எழுந்தார்.

"சேவுகா, இது பேயில்லப்பா. பேய் சோறு திங்காது. இது எங்குட்டோ உசிரோட இருக்கிற ஆம்பளை."

ஊர் உண்மையாகவே பயந்தது அதற்குப் பிறகுதான். பேயாக இருந்தால் ஓட்டலாம். ஆளாக இருந்தால் என்ன செய்வது என்று எவருக்கும் தெரியவில்லை. பிள்ளைத்தாய்ச்சிகள் சிகப்பி வருகிற தெருவில் நடப்பதில்லை. வெயில் நேரத்தில் அவள் ஊருணிக்கு வரக்கூடாது என்று சொன்னார்கள். ஒரு தடவை அந்த நிழல் மேய்ந்துகொண்டிருந்த பசுவின் மேல் ஏறி இறங்கியதென்று, பசுவின் சொந்தக்காரர் ஏழு நாள் பால் கறக்கவில்லை.

சிகப்பியின் பயம் வேறு மாதிரி. அவளுக்கு அந்த நிழலின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தெரியவில்லை. தன்னைப் பார்க்கிறதா, பார்க்க முடியுமா, குளிக்கும்போது பார்த்ததா என்று யோசித்து யோசித்து அவள் மெலிந்து போனாள். காலையில் கண் விழித்ததும் மேகம் இருக்கிறதா என்று கூரை ஓட்டையைப் பார்ப்பாள். இருந்தால் அன்று சாப்பிடுவாள். இப்படி ஒன்றரை வருஷம் போயிற்று. அதன் பிறகு ஒரு மத்தியானம், முற்றத்தில் எள் காயப்போட்டுக்கொண்டிருந்தவள், நிழல் சாப்பிடுவதைத் தற்செயலாகக் கவனித்தாள். அது எதையோ இரண்டாகப் பிட்டது. ஒரு பாதியை வலது பக்கம் நீட்டியது. நீட்டிய கை விரல் விரிந்து திரும்பி வந்தது. அதற்குப் பிறகுதான் அது தன் பங்கைத் தின்றது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். தான் தின்பதற்கு முன்னால் யாருக்கோ பாதி கொடுக்கிறான் என்று சிகப்பி புரிந்துகொண்ட அன்றைக்குத்தான் முதல் தடவையாக வெயிலில் நின்றபடியே தலை வாரினாள்.

அந்த இரண்டு மூன்று வருஷத்தில் மூன்று இடத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். அண்ணன் செம்மலை அவர்களைப் பொழுது இறங்கிய பிறகே வரச் சொன்னான். ஆனால் சங்கதி காரைக்குடிச் சந்தை வரைக்கும் பரவியிருந்ததால் மூன்று வீட்டாரும் மறுநாள் காலை வெயிலில் பெண்ணை ஒரு தடவை நடந்து காட்டச் சொன்னார்கள். சிகப்பி நடந்தாள். முதல் மாப்பிள்ளை வீட்டார் செருப்பை விட்டுவிட்டுப் போனார்கள். மற்ற இரண்டு வீட்டாரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஆனந்த வருஷம் ஆவணி மாதம் ஒரு காலை, சிகப்பி மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் கிடந்த நிழல் சட்டென்று கையை ஓங்கியது. ஓங்கிய கை இறங்கியது. மறுபடி ஓங்கியது. எதிரே யாரும் தெரியவில்லை, கையில் என்ன இருக்கிறது என்றும் தெரியவில்லை, ஆனால் அடிக்கிறான் என்பது பார்க்கிற எவருக்கும் தெரியும். சிகப்பி எண்ணினாள். பதினேழு. பத்தாவது அடிக்கு மேல் அந்த உடம்பே துள்ளியது. பக்கத்துத் தோட்டத்தில் இருந்தவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். சிகப்பியால் ஓட முடியவில்லை. ஓடினாலும் அது கூட வரும். மறுநாள் நிழலின் இரண்டு மணிக்கட்டும் ஒட்டிக்கொண்டு கிடந்தன. ஒரு மாதம் கழித்து அது மறுபடியும் அடிக்க ஆரம்பித்தது. காலையிலிருந்து பொழுது சாயும் வரை, மாதக்கணக்கில், கை ஓங்குவதும் இறங்குவதுமாகவே இருந்தது. பாதியைப் பிட்டுக் கொடுத்தவன் இவன்தானா, எத்தனை பேரைத்தான் அடித்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்து அவள் மறுபடியும் வெயிலுக்கு வர மறுத்தாள். அப்பாவிடம் போய்த் தானாகவே சொன்னாள்.

"யாராச்சும் இருந்தா பாருங்கப்பா. நான் கட்டிக்கிடுறேன்."

சேவுகன் தேவகோட்டைப் பக்கத்திலிருந்து நாகநாதன் என்கிற பையனைத் தேடிப்பிடித்தார். நல்ல பையன். வெயிலில் நின்று அந்த நிழலையும் பார்த்தான். பல் கிட்டியது, ஆனால் ஓடவில்லை. பேச்சு முடிகிற நேரத்தில் சிகப்பி கதவுக்குப் பின்னாலிருந்து அவனிடம் கேட்டாள்.

"ஒங்களுக்குப் பயமா இல்லையா?"

"இருக்கு. தாலி ஏறினா அது போயிரும்னு எல்லாரும் சொல்றாக."

"போகாட்டி?"

நாகநாதன் பொய் சொல்லத் தெரியாதவன். "போகாட்டி, நீ வெயிலுக்கு வராம வீட்டுக்குள்ளேயே இருந்துக்கிரு. வெளி வேலையெல்லாம் எங்க அம்மா பாத்துக்கிருவாக" என்றான். சிகப்பி கதவைச் சாத்திக்கொண்டாள். பயத்தோடு இருப்பதா, பயத்துக்காகப் பூட்டிக்கொண்டு இருப்பதா என்று கேட்டால் முதலாவதே மேல் என்று அவளுக்குப் பட்டது. நாகநாதன் அடுத்த மாதம் வேறு ஊரில் பெண் எடுத்தான். நிழல் மேலும் ஒரு வருஷம் அடித்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு நாள் நின்றது. பிறகு பழையபடி மத்தியானத்தில் பாதியைப் பிட்டு நீட்டியது. சிகப்பி அதைப் பார்த்தாள், ஆனால் அதன் வலது கை அசையும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு தூக்கிப்போட்டது.

காளயுக்தி வருஷம் ஐப்பசியில் மழை இல்லை, விஷக்காய்ச்சல் வந்தது. நெடுங்கரையில் இருபத்தாறு பேர் செத்தார்கள். சேவுகன் படுத்த அதே காலையில் நிழலும் படுத்தது. மல்லாந்து, கை இரண்டும் பக்கத்தில் விழுந்து, பிணம் மாதிரி கிடந்தது. சிகப்பி நடந்தால் அது தரையில் இழுபட்டு வந்தது. கூர்ந்து பார்த்தால் மட்டுமே நெஞ்சு மேடு லேசாக ஏறி இறங்குவது தெரிந்தது. உயிரோடு இருக்கிறானா என்று தெரிந்துகொள்ள அவளுக்கு வெயிலைத் தவிர வேறு வழியில்லை. அதனால் பதினொரு நாள் சூரியன் எழுந்ததிலிருந்து விழுகிற வரை அவள் முற்றத்து வெயிலைவிட்டு நகரவில்லை. முகம் தோல் உரிந்தது. ஒவ்வொரு சாயங்காலமும் நிழல் நீண்டு மங்கி மறையும்போது, நாளைக் காலையில் அந்த நெஞ்சு அசையாமல் கிடந்தால் என்ன செய்வேன் என்று அவள் பயப்படுவாள். அந்தப் பயத்தில்தான், அடிக்கிறவனோ கொடுக்கிறவனோ, அவன் சாகக்கூடாது என்று தான் விரும்புவதை அவள் அறிந்தாள். பன்னிரண்டாம் நாள் நிழல் ஒருக்களித்துப் படுத்தது. அன்று மத்தியானம் சேவுகன் இறந்தார்.

"அப்பா செத்துக்கிட்டுக் கெடக்காரு, நீ எவனோ ஒருத்தன் நெழலுக்குக் காவல் உக்காந்திருந்தே" என்று செம்மலை எல்லோருக்கும் முன்னால் சொன்னான். அப்பாவுக்குக் கஞ்சி ஊற்ற அவள் உள்ளே போனது இரவில் மட்டும்தான் என்பது உண்மை.

ஊர் கூடியது. இருபத்தாறு சாவும் அந்த நிழலால் வந்தது என்றார்கள். மாசி மாதத்துக்குள் அவளைக் கட்டிக்கொடுக்க வேண்டும், இல்லையென்றால் குடும்பமே வெளியேற வேண்டும். செம்மலை கெட்டிக்காரத்தனமாக ஒரு மாப்பிள்ளையைப் பிடித்தான். மலையாண்டி என்று பெயர், வயது ஐம்பத்திரண்டு, இரண்டு மனைவியும் இறந்துபோனவர், இரண்டு கண்ணிலும் பூ விழுந்து பார்வை மங்கியவர். அவருக்கு எந்த நிழலும் தெரியாது. மாசி மாதம் பகல் முகூர்த்தத்தில் கருப்பர் கோயில் வாசலில் மணையில் உட்கார வைத்தார்கள். பந்தலில் ஓலை இடைவெளி வழியாக வெயில் விழுந்தது, நிழலும் விழுந்தது. கூடியிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் நகர்ந்து நகர்ந்து, கடைசியில் மணையைச் சுற்றி ஒரு களம் அளவுக்கு வெறும் இடமாகிவிட்டது. தாலியை எடுத்து மலையாண்டியின் கையில் கொடுத்தபோது சிகப்பி எழுந்தாள். பந்தக்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, எனக்கு இது வேணாம்."

"பின்ன எதுடி வேணும்? மண்ணுல கெடக்கே, அதா?"

"அது வேணுமான்னு இன்னுந் தெரியலை. இது வேணாம். அது தெரியும்."

செம்மலை அறைந்தான். கருப்பி குறுக்கே வந்து விழுந்தாள். அந்தச் சத்தத்தில் சிகப்பி பந்தலைவிட்டு இறங்கி, கல்யாணப் புடவையோடு, ஒன்றரை மைல் தூரம் வெயிலில் நடந்து கோட்டையூருக்குப் போனாள். வழியெல்லாம் கதவுகள் சாத்துகிற சத்தம் கேட்டது. ஊர்க்கோடிப் பெரிய வீட்டில் மட்டும் ஒரு கதவு திறந்திருந்தது. அது மீனாள் ஆச்சியின் வீடு. ஆச்சிக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. புருஷன் பர்மாவில் வட்டிக்கடை வைத்துக் கொண்டுவிற்கப் போனவர், மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வந்து ஆறு மாதம் இருந்துவிட்டுப் போவார். எழுபது அறை உள்ள வீட்டில் ஆச்சியும் மாமியாரும் வேலைக்காரர்களும்தான். ஆச்சி முற்றத்தில் நின்ற சிகப்பியையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒனக்கு நெழலாச்சும் கூட வருது. உள்ளே வா, அடுப்படியில ஆள் வேணும்" என்றாள்.

அந்த வீட்டில் சிகப்பி பன்னிரண்டு வருஷம் வேலை செய்தாள். தடித்த சுவரும் தாழ்ந்த கதவும் உள்ள அறைகளில் வெயில் வராது, அதனால் மற்ற வேலைக்காரர்களுக்குத் தொந்தரவு இல்லை. ஆனால் அவளை யாரும் பூட்டவில்லை. தினமும் மத்தியானம் முற்றத்துக்கு வந்து, நிழல் பாதியைப் பிட்டு நீட்டுவதைப் பார்த்துவிட்டுத்தான் தன் சோற்றில் கை வைப்பாள். கோட்டையூரில் அவளை இரட்டை நிழல்காரி என்றார்கள். கல்யாண வீட்டுக்கு முறுக்குச் சுற்ற எல்லாப் பெண்களும் போவார்கள், அவளுக்கு மட்டும் அழைப்பு வராது. கருப்பி மாதம் ஒரு தடவை வந்து, முப்பது ஆகிவிட்டது, முப்பத்திரண்டு ஆகிவிட்டது, எனக்குப் பிறகு உனக்கு யார் என்று அழுதுவிட்டுப் போவாள். சிகப்பிக்கும் அது பயம்தான். நிழலின் முதுகு கூனத் தொடங்கியதையும், தன் காதோரம் நரைத்ததையும் அவள் ஒரே வருஷத்தில் கண்டாள். இவன் வராமலே போகலாம். வந்து, இவன் நல்லவன் இல்லை என்று தெரியலாம். இரண்டில் எது பெரிய பயம் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

காரைக்குடிக்கு ரயில் வந்த மறுவருஷம், பிரஜோற்பத்தி வருஷம் ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை நிழல் உட்கார்ந்தபடி ஆட ஆரம்பித்தது. முதலில் பெரிய ஆட்டம், முன்னும் பின்னும். பிறகு சின்ன ஆட்டம், பக்கவாட்டில், நிற்காமல். ரயிலில் வந்திறங்கிய ஆச்சியின் உறவுக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "இது ரயில்ல உக்காந்திருக்கிற ஆட்டமில்லையா" என்றார். அதுவரைக்கும் இருபது வருஷமாகச் சிகப்பி பட்ட பயமெல்லாம் ஒன்று சேர்ந்தாலும் அன்றைய பயத்துக்கு ஈடாகாது. அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள், அதற்குப் பிறகு அன்று எந்த வேலையும் செய்யவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஆட்டம் நின்றது, நிழல் எழுந்து நடந்தது. நிற்கிறது, கையை நீட்டி யாரிடமோ வழி கேட்கிறது, மறுபடி நடக்கிறது. தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தது. ஓரிடத்தில் இரண்டு கையையும் குவித்துத் தண்ணீர் குடித்தது. சிகப்பி முற்றத்தின் ஓரத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆச்சி அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். உச்சி வேளைக்கு நிழல் நடையை நிறுத்தியது. வேட்டியைச் சரி செய்தது. வலது கையைத் தூக்கி மூன்று தடவை தட்டியது. பின்கட்டுக் கதவில் மூன்று தடவை சத்தம் கேட்டது.

"நான் தெறக்கவா?" என்று ஆச்சி கேட்டாள்.

"நானே போறேன் ஆச்சி."

வாசலில் நின்ற ஆளுக்கு முப்பத்தேழு முப்பத்தெட்டு வயது இருக்கும். கூன் விழுந்த நெட்டை உடம்பு, அம்மைத் தழும்பு முகம். உச்சி வெயிலில் நின்றான், காலடியில் நிழல் இல்லை. அவனுடைய நிழல் சிகப்பியின் காலடியில் கிடந்து, அவன் மூச்சு வாங்கினால் மூச்சு வாங்கியது. இருவரும் அதைத்தான் முதலில் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பிறகுதான் பார்த்தார்கள். அவன் பெயர் சோணைமுத்து. திருவாடானைப் பக்கம். தாய் தகப்பன் இல்லாமல் பதினேழு வயதில், விரோதிகிருது வருஷம் வைகாசியில், சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பலேறியவன்.

"கொழும்புல எறங்கினப்போ மழை, ஒருத்தரும் கவனிக்கலை" என்றான். "மலையில எப்பவும் மூட்டம். வெயில் அடிச்சா மரத்தடியா பாத்து நின்னுக்கிருவேன். போன வருஷம் புதுசா ஒரு ஆளு வந்தாரு, கோட்டையூர்க்காரரு. எனக்கு நெழல் இல்லைன்னு கண்டதும், ‘அட, அது எங்க ஊர்லயில்ல கெடக்கு’ன்னாரு."

சிகப்பி வழி விடவில்லை. அவள் பல வருஷமாக மனதில் வைத்திருந்த கேள்வியை நின்ற இடத்திலேயே கேட்டாள்.

"ஆனந்த வருஷம் ஆவணியில யாரை அடிச்சீக?"

"எங்களை வேலை வாங்குற கங்காணி தங்கச்சாமியை. ஒரு கண்ணு போயிருச்சு அவருக்கு."

"எதுக்கு?"

"காய்ச்சல்ல கெடந்த பொம்பளையை அட்டை மண்டுன ஓடையில எறக்கி நிறுத்துனாரு."

"அதுக்குப் பதினேழு அடியா? நான் எண்ணுனேன்."

"மொத அடி அதுக்கு. மிச்சம் எதுக்குன்னு எனக்கே தெரியலை" என்றான். "ஒன்றரை வருஷம் ஜெயில்ல கல்லு ஒடைச்சேன். ஒவ்வொரு தடவை கை ஓங்குறப்பவும் அவரு மொகந்தான் வந்துச்சு."

மாதக்கணக்கில் அவன் அடித்தது ஆளை அல்ல, கல்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அடுத்ததைக் கேட்டாள். "மத்தியானம் பாதியைப் பிட்டு யாருக்குக் குடுப்பீக?"

"நாய்க்கு" என்றான். "ஒண்ணு செத்தா இன்னொண்ணு வந்துரும்."

சிகப்பி சிரித்துவிட்டாள். மனைவி உண்டா என்று ஆச்சிதான் பின்னாலிருந்து கேட்டாள். இரண்டு இடத்தில் பெண் கொடுக்க வந்தார்கள் என்றும், தன் நிழல் யாரிடமோ இருக்கிறது, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்கிற நினைப்பில் தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும் சோணைமுத்து சொன்னான்.

செய்தி கேட்டு மறுநாளே நெடுங்கரையிலிருந்து செம்மலையும் ஊர்ப் பெரியவர்களும் வந்தார்கள். அடுத்த வாரமே முகூர்த்தம் என்றார்கள். ஆவணி பிறக்கட்டும் என்றுகூடச் சொல்லவில்லை. நிழல் சொந்தக்காரனிடம் போய்விட வேண்டும், ஊர் இருபது வருஷமாகப் பட்டது போதும். சிகப்பி முடியாது என்றாள்.

"இவனுக்காகத்தானடி இருந்தே!" என்று செம்மலை கத்தினான்.

"எனக்கு நெழலைத்தான் தெரியும். ஆளைத் தெரியாதுண்ணே. தெரிஞ்சுக்கிடணும்."

பெரியவர்களுக்கு இது முந்தைய எல்லாவற்றையும்விடப் பயங்கரமாகப் பட்டது. முப்பத்தைந்து வயதில், தெய்வமே கொண்டுவந்து வாசலில் நிறுத்தியவனைத் திருப்பி அனுப்புகிற பெண்ணை அவர்கள் கேள்விப்பட்டதில்லை. சோணைமுத்து மட்டும் தலையை ஆட்டிக்கொண்டான். கோட்டையூருக்குத் தெற்கே செம்பூரான் கல் வெட்டுகிற குழியில் வேலைக்குச் சேர்ந்தான். வாரத்துக்கு ஒரு நாள் பின்கட்டு வாசலுக்கு வந்து பேசிவிட்டுப் போவான். எந்தப் பெண்ணுக்கும் இல்லாத வசதி சிகப்பிக்கு இருந்தது. அவன் கண்ணில் படாத நேரத்திலும் என்ன செய்கிறான் என்று அவளுக்குத் தெரியும்.

"நீ பாத்துக்கிட்டே இருக்கேன்னு தெரிஞ்சப்புறம் மூக்கைச் சொறியக்கூடப் பயமா இருக்கு" என்றான் ஒரு நாள்.

"எனக்கு இருபது வருஷமா அப்படித்தான் இருந்துச்சு" என்றாள் சிகப்பி.

ஒரு வருஷம் போயிற்று, அதற்கு மேலும் இரண்டு மாதம் போயிற்று. ஆங்கீரச வருஷம் புரட்டாசியில் ஒரு காலை, சிகப்பி முற்றத்தில் வடகம் பிழிந்துகொண்டிருந்தாள். குழியில் குனிந்து வெட்டிக்கொண்டிருந்த நிழல் நிமிர்ந்தது. தலை சட்டென்று ஒரு பக்கம் திரும்பியது, யாரோ அறைந்ததுபோல. மறுபடியும் திரும்பியது. பின்னால் தள்ளாடி, கீழே விழுந்து, எழுந்தது. எழுந்தபோது அதன் வலது கை ஓங்கியிருந்தது. கையில் என்ன இருக்கிறதென்று தெரியாது, ஆனால் அவன் கல் வெட்டிக்கொண்டிருந்தவன் என்பது அவளுக்குத் தெரியும். சிகப்பி வேண்டாம் என்று கத்தினாள். கத்துவது நிழலுக்குக் கேட்காது, ஒரு மைல் தள்ளி நிற்கிறவனுக்கும் கேட்காது. அடுப்படியிலிருந்து ஆச்சியும் மற்றவர்களும் ஓடிவந்தார்கள். எல்லோரும் வட்டமாக நின்று தரையைப் பார்த்தார்கள். ஓங்கிய கை இறங்கவில்லை. வடகத்தின் ஓரம் காய்கிற நேரம் அப்படியே நின்றது. பிறகு கை மெல்ல இறங்கியது, விரல்கள் விரிந்தன. நிழல் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றது. தலை இன்னும் இரண்டு தடவை திரும்பியது. கை பின்னாலேயே இருந்தது.

சாயங்காலம் சோணைமுத்து உதடு கிழிந்து வந்தான்.

"ஒங்க அண்ணன் வந்தாரு" என்றான். "ஊர் சிரிக்குது, ஒண்ணு கட்டு, இல்லாட்டி ஓடுன்னாரு."

"ஏன் திருப்பி அடிக்கலை?"

"பயம்."

"அண்ணனுக்கா?"

"என் கைக்கு" என்றான்.

சிகப்பி உள்ளே போய் மஞ்சள் குழைத்து எடுத்து வந்தாள். அவன் உதட்டில் அதை வைத்தாள். "தையில வச்சுக்கிருவோம்" என்றாள்.

தை மாதம் பன்னிரண்டாம் தேதி நெடுங்கரை கருப்பர் கோயில் வாசலில் கல்யாணம் நடந்தது. செம்மலை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து பந்தக்கால் ஊன்றினான். தாலி ஏறும்போது நிழல் இடம் மாறுவதைப் பார்க்கப் பள்ளத்தூரிலிருந்தும் புதுவயலிலிருந்தும் கூட்டம் வந்திருந்தது. மீனாள் ஆச்சி மாட்டுவண்டியில் வந்தாள். சோணைமுத்து தாலி கட்டினான். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நிழல் சிகப்பியின் பக்கத்திலேயே, எப்போதும் இருக்கிற இடத்தில், தாலி கட்டுகிற கையோடு கிடந்தது. சற்று நேரம் காத்திருந்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். சாப்பாட்டில் குறை இல்லை என்று பேசிக்கொண்டார்கள்.

பிறகும் அது மாறவில்லை. சோணைமுத்து நிழலில்லாமல் குழிக்குப் போய் வந்தான், கொஞ்ச நாளில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சிகப்பிக்கும் வெயிலில் நிற்கப் பயம் விட்டுப்போயிற்று, ஆனால் அவன் கல் ஏற்றும் நாட்களில் மட்டும் நிழலின் காலடியை அடிக்கடி பார்த்துக்கொள்வாள். பவ வருஷம் சித்திரையில் வெயில் கடுமையாக இருந்தது. கருப்பி மகள் வீட்டுக்கு வந்தவள், முற்றத்தில் நின்று நெல் துழாவிக்கொண்டிருந்த சிகப்பியின் இடப்பக்கம், அந்த நிழலுக்குள் முறத்தைப் போட்டு உட்கார்ந்து புளி கொட்டை எடுத்தாள். சோணைமுத்து அந்த நேரம் ஒரு மைல் தள்ளிக் குழியில் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தான். அவன் குனியும்போதெல்லாம் கருப்பியின் தலையில் வெயில் பட்டது.

"ஏத்தா, மாப்பிள்ளை வந்தா சொல்லு, இந்த நேரத்துக்குச் சித்த அசையாம நிக்கச் சொல்லு" என்றாள் கருப்பி, முறத்தை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டு.